மேங்கோக்கைச் சூரியனில் எறிந்ததில் எனக்கு உடன்பாடில்லை

இடிக் கடவுள் தோரை நாயகனாக வைத்து மார்வெல் போடுகிற தோர் காமிக்ஸில் யார் பெரிய வில்லன் என்று கேட்டால் பெரும்பாலும் லோக்கி என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், கடவுள்களைத் தேடித் தேடி வெட்டிய கோர் என்பார்கள். நான் மேங்கோக் கட்சி. எங்கள் ஊர்த் தெருவோர ஒட்டுக்கடைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "யாரண்ணே அது, கொம்பும் வாலும் வச்ச அந்த மஞ்சள் பூதமா?" என்று சிரித்தான். அந்தப் பூதமேதான். அவனுக்கு அங்கே வாயால் சொல்லி முடிக்க முடியவில்லை, தே தாரே டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேங்கோக் முதலில் வந்தது 1968-ல், தோர் 154-ஆம் இதழில். எழுத்து ஸ்டான் லீ, படம் ஜாக் கிர்பி. கதை 157-ஆம் இதழோடு முடிகிறது. ஒரு காலத்தில் ஓர் இனம், தோரும் மற்றக் கடவுள்களும் வாழ்கிற அஸ்கார்டின் மேல் படையெடுத்தது. தோரின் அப்பா, அஸ்கார்டின் ராஜா ஒடின் அந்த இனத்தையே இல்லாமல் செய்துவிட்டார். செத்தவர்கள் நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கினால் வரும் அளவு. ஒன்று போட்டுப் பதினெட்டுச் சுழியம். அத்தனை பேரின் பலமும் வெறுப்பும் ஒரே உடம்பில் திரண்டு நிற்பதுதான் மேங்கோக். யூலிக் என்ற பூதம் எதையோ தேடிப் போய், சிறைப்பட்டுக் கிடந்த அதை அவிழ்த்துவிட்டுவிடுகிறான். அதற்கு ஒரே குறி, ஒடினின் பெரிய வாள். அதை உறையிலிருந்து உருவினால் பிரபஞ்சமே முடிந்துவிடும் என்பது கணக்கு. மேங்கோக் அதை உருவத்தான் நடக்கிறது.

கிர்பி அந்த நடையை வரைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அது ஓடுவதில்லை, பறப்பதில்லை, ஒளிவதுமில்லை. நேராக நடக்கிறது. எதிரே யார் வந்தாலும் தள்ளிவிட்டு நடக்கிறது. தோரின் சுத்தியல் அடித்தால் ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் திரும்பவும் நடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அஸ்கார்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வருகிறது.

இத்தனை நடக்கும்போது ஒடின் என்ன செய்கிறார் தெரியுமா? தூங்குகிறார். அதற்கு ஒடின் உறக்கம் என்று தனிப் பெயரே உண்டு. இவ்வளவு பெரிய கணக்கை ஆரம்பித்து வைத்த ஆள், கணக்குக் கேட்க ஆள் வரும்போது படுத்திருக்கிறார். தோரும் மற்றவர்களும் வாசலில் நின்று அடி வாங்குகிறார்கள். ஸ்டான் லீ இதை வேண்டுமென்றே வைத்தாரோ, கதையை இழுக்க வைத்தாரோ, எனக்கு அது முக்கியமில்லை. படிக்கும்போது நான் மேங்கோக் பக்கம் சாய்ந்த இடம் இதுதான்.

நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நின்றால் மேட்டில் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களா தெரியும். சுற்றிலும் புல்வெளி, மணல் கொட்டின பாதை, எப்போதும் சாத்தியிருக்கும் வெள்ளைச் சன்னல்கள். அஸ்கார்டை முதன்முதலில் காமிக்ஸில் பார்த்தபோது எனக்குக் கோயில் ஞாபகம் வரவில்லை, அந்தப் பங்களாதான் வந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஒரு வழக்கு, கீழே இருப்பவர்களுக்கு ஒரு வழக்கு. மேலே ஒருவர் கோபப்பட்டால் கீழே ஒரு லயமே காலியாகும்.

'அவர்கள்தானே முதலில் படையெடுத்தார்கள்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மேங்கோக்கின் இனம் உத்தமர்கள் என்று கதை எங்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டுச் சுழியம் போட்ட அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையில் ஆயுதம் இருந்திருக்கும்? பால் குடிக்கிற பிள்ளைக்கும் படுத்த படுக்கையான கிழவிக்கும் சேர்த்துத் தண்டனை கொடுப்பதற்கு நீதி என்று பெயர் வைக்க முடியாது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாளை உருவினால் சாகப்போவது ஒடின் மட்டுமல்ல. ஒடினைக் கேள்விப்படாதவனும் சாவான். மேங்கோக்குக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அங்கே நான் அதனோடு சேர்ந்து நடக்க மாட்டேன். அதன் வழக்கு சரி, கேட்கிற தண்டனை சரியில்லை.

என் தாத்தாவின் தம்பி சயாம் மரண ரயிலுக்குப் போனவர். ஜப்பான்காரன் காலம். 415 கிலோமீட்டர் பாதை, சயாமிலிருந்து பர்மாவுக்கு, 1942-ல் தொடங்கி 1943-ல் முடித்தார்கள். இந்த நாட்டுத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன தமிழர்களில் ஆயிரம் ஆயிரமாய்த் திரும்பி வரவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறை, ஒவ்வொன்றிலும் பெயர். நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. எங்கள் சின்னத் தாத்தாவுக்குத் திதி கொடுக்க நாள் தெரியாததால், வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை பொதுவாக ஓர் இலை போடுவார்கள். அத்தனை பேருடைய ஆத்திரமும் எங்கே போனது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். அதற்கு ஓர் உடம்பு கொடுத்து, கொம்பு வைத்து, நடக்கவிட்டால் எப்படி இருக்கும் என்று எங்கோ அமெரிக்காவில் ரெண்டு பேர் அவர்கள் பாட்டுக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். சயாமும் நம் தோட்டமும் அவர்கள் நினைப்பிலேயே இருந்திருக்காது. அதனால் என்ன?

இப்போது கோர். 2012-ல் ஜேசன் ஆரன் எழுதி எசாட் ரிபிச் வரைந்த தொடரில் வந்தவன். மனைவி போய், பிள்ளைகள் போய், கும்பிட்ட சாமி ஒன்றும் எட்டிப் பார்க்காமல், கையில் ஒரு கறுப்பு வாள் கிடைத்ததும் கடவுள்களைக் கொல்லப் புறப்பட்டவன். அருமையான பாத்திரம், மறுக்கவில்லை. 2022-ல் கிறிஸ்டியன் பேல் நடிப்பில் படமாகவும் வந்தது. வந்தது என்று நான் சொல்கிறேன், மலேசியத் தியேட்டருக்கு வரவில்லை. தேதியைத் தள்ளினார்கள், அப்புறம் காலவரையின்றித் தள்ளினார்கள், அத்தோடு போயிற்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில்தான் பார்த்தார்கள்.

கோருடைய துக்கம் ஓர் அப்பாவின் துக்கம். பார்க்கிறவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஒரு முகம், ஓர் அழுகை, ஒரு குழந்தை. அதனால்தான் சினிமா அவனை எடுத்தது. மேங்கோக்குக்கு அழ ஒரு முகம் கிடையாது. ஊரே சேர்ந்து ஒரு தொண்டையில் கத்துகிறது. அப்படிப்பட்ட கோபத்தைக் கதை சொல்கிறவர்களுக்குக் கையாளத் தெரிவதில்லை. ஒருவன் அழுதால் பாத்திரம் என்கிறார்கள், ஓர் இனமே அழுதால் பூதம் என்கிறார்கள்.

சரி, சாமியோடு சண்டை போடுவது நமக்கென்ன புதுசா? கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் போய், உங்களுக்கே அடிமையாய் இருக்கிறவர்கள் கஷ்டத்தைச் சொன்னாலும் நீங்கள் சும்மா இருப்பீர்களென்றால், 'வாழ்ந்து போதீரே' என்று பாடவில்லையா? நீர் மட்டும் நல்லா இரும் என்று நேருக்கு நேர் ஈசனைக் கேட்ட பாட்டு, இன்றைக்கும் கோயிலில் ஓதுவார் வாயில் இருக்கிறது. பிச்சையெடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரே சாபம் விட்டிருக்கிறார். இவர்களை யாரும் வில்லன் என்று சொல்வதில்லை.

எங்கள் அப்பாயி அந்த வம்சம். சித்தப்பாவைக் கித்தாக் காட்டில் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு அப்பாயி நேரே முனியாண்டி மேடைக்குப் போனது. காலையில் அதுவே வைத்த மூன்று சுருட்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டது. "காவக்காரன்னு உன்னை வச்சா, குந்திக்கிட்டு வேடிக்கையா பாத்த? எம்புள்ள நடந்து வரட்டும், அப்புறம் புகைக்கலாம்." பூசாரி ஓடி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாயி அவரையும் ரெண்டு வாங்கு வாங்கியது. சித்தப்பா பிழைத்து வந்தார், கொஞ்ச நாள் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். அப்பாயி கொண்டுபோய் ஒரே ஒரு சுருட்டு வைத்தது. பாக்கி ரெண்டு எங்கே என்று கேட்டால், "காலு முழுசா சரியாவட்டும்."

அப்பாயிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் திட்டுவதற்கு எதிரே ஓர் ஆள் இருந்தார். மேடையில், மழையில், லயத்துக்கு நூறு எட்டு தள்ளி. தோட்டம் கைமாறிச் செம்பனையாகி, அப்புறம் பாதி தாமான், அதாவது குடியிருப்பு ஆனபோது எங்களைப் போலவே முனியாண்டியும் இடம் மாற வேண்டியதாயிற்று. இப்போது ஒரு சாக்கடை ஓரம் தகரக் கூரைக்குள் இருக்கிறார், பின்னால் மின்சாரப் பெட்டி. அவர் மேல் யார் போர் தொடுப்பார்கள்? அவரும் நம்மோடு வெளியேற்றப்பட்டவர். மேங்கோக்கின் போர் இந்த மாதிரிச் சாமியோடு அல்ல, மேட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற சாமியோடு. 'கடவுள்களை எதிர்க்கும் அரக்கன்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. நம் பக்திமான்கள் சிலர் மேங்கோக் படத்தைப் பார்த்ததுமே முகம் சுளிப்பதும் அதனால்தான்.

இனி முடிவுகளுக்கு வருகிறேன். 1968 கதையில் கடைசியில் ஒடின் விழிக்கிறார். விழித்து மேங்கோக்கை அடிக்கவில்லை. அதற்குள் அடைபட்டிருந்த அந்த இனத்தை விடுவிக்கிறார். அவர்கள் திரும்ப வந்ததும் மேங்கோக் என்று ஒன்று இல்லாமல் போகிறது. கோபத்தின் காரணம் போயிற்று, கோபமும் போயிற்று. கடைசி இரண்டு மூன்று பக்கத்தில் அவசரமாக முடித்த மாதிரிதான் இருக்கும். ஒடின் ஒரு மன்னிப்புக் கூடக் கேட்பதில்லை, தண்டனைக் காலம் முடிந்த கைதியைத் திறந்துவிடுகிற மாதிரி நடந்துகொள்கிறார். அதில் எனக்கு எரிச்சல் உண்டு. ஆனாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, 2017-18-ல், அதே ஜேசன் ஆரன் மேங்கோக்கைத் திரும்பக் கொண்டுவந்தார், ரஸ்ஸல் டாட்டர்மன் படங்களோடு. இப்போது சுத்தியலைத் தூக்கித் தோராக மாறுகிறவள், பழைய தோரின் காதலியாக இருந்த ஜேன் ஃபாஸ்டர். அவளுக்குப் புற்றுநோய். ஒவ்வொரு தடவை தோராக மாறும்போதும் உடம்பில் ஏற்றிய மருந்தெல்லாம் வெளியேறிவிடும், இன்னொரு தடவை மாறினால் சாவு நிச்சயம். தெரிந்தே மாறுகிறாள். மேங்கோக்கைச் சங்கிலியால் கட்டிச் சுத்தியலோடு சேர்த்துச் சூரியனுக்குள் எறிகிறாள். அவள் செத்துப்போகிற பக்கங்களைப் படித்து நான் அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. டாட்டர்மன் வரைந்த மாதிரி ஒரு மேங்கோக்கை வேறு யாரும் வரைந்ததில்லை என்பதும் உண்மை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கணக்குக் கேட்டு வந்தவனைக் கட்டித் தூக்கிப் போட்டாயிற்று. ஜேனைப் பிறகு உயிரோடு கொண்டுவந்தும் விட்டார்கள். கேள்வி என்ன ஆனது? ஜேனுடைய தியாகம் அவ்வளவு பெரியது என்பதால் அந்தக் கேள்வியை நாமும் மறந்துவிடுகிறோம். ஒடினுக்காக ஒரு நோயாளிப் பெண் சாக வேண்டியிருக்கிறது, நாம் கைதட்டுகிறோம். கோர் சொன்னது சரிதான், கடவுள்களுக்குத் தகுதியில்லை என்று தோரையே நினைக்கவைத்த எழுத்தாளர் இவர். அவரிடம் நான் இன்னும் எதிர்பார்த்தேன்.

கந்தபுராணத்தில் சூரபத்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவன், தேவர்களைச் சிறையில் போட்டவன். அவனையே முருகன் மயிலாகவும் சேவலாகவும் வைத்துக்கொண்டார். அதுகூட முழு நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை, அது தனிப் பதிவு. சூரியனில் எறிவதற்கு அது தேவலாம், அவ்வளவுதான்.

திரண்ட கோபம் பூதமாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களைத் தெருவில் விட்ட காலத்தில், நம் சுங்கை சிப்புட்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். அத்தனை பேர் பலம் ஒரே உடம்பில். சங்கம் பிறகு எப்படிப் போனது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, இங்கே அதை ஆரம்பித்தால் பின்னூட்டம் வேறு பக்கம் போய்விடும். மேங்கோக்கை அடுத்து எழுதப்போகிறவர் யாராக இருந்தாலும் அதற்கு இப்படி ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். வாளை உருவ விடாமல், அஸ்கார்ட் வாசலிலேயே உட்கார வைத்து, செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல விடலாம். தோர் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

கோர் கட்சிக்காரர்கள் தாராளமாக வந்து திட்டலாம், படம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். 154 முதல் 157 வரை நாலே நாலு இதழ், ஒரு ராத்திரி போதும். தொகுப்பு என்னிடம் இருக்கிறது. பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் ஒட்டுக்கடைப் பக்கம் வந்தால் தருகிறேன், ஆனால் எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது.