இலக்கணம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

இலக்கணத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் ஆங்கிலம் பேசத் தொடங்க வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். என் அனுபவம் வேறு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் நான்கு தோழிகள். ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து, ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படிப்போம். 1813இல் வந்த புத்தகம், வாக்கியங்கள் நீளம். அதனால் படித்த பகுதியை வீட்டில் பிபிசியின் 1995 தொடரில் பார்ப்போம். மொத்தம் ஆறே பாகம். முதலில் ஆங்கில சப்டைட்டிலோடு, அப்புறம் இல்லாமல்.

'என்டெய்ல்', அதாவது சொத்து ஆண் வாரிசுக்கே போக வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த ஒரே சொல்லில் ஒரு மாலை முழுக்கப் போனது. நாவலில் வரும் பென்னட் வீட்டில் ஐந்தும் பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால் அப்பாவின் சொத்து உறவுக்காரர் ஒருவருக்குப் போகும். எங்களில் ஒருத்தி மூன்று மாதமாக வாயே திறக்காதவள். அன்று அவள்தான் தொடங்கினாள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானதால் தன் அத்தைக்கு அது கிடைக்கவில்லை என்று பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசினாள். வினைச்சொல்லின் காலம் (டென்ஸ்) எல்லாம் தவறியது. யாரும் திருத்தவில்லை, அவள் கண் கலங்கியிருந்தது.

ஒன்று மட்டும் கவனம்: 'ஐ டேர் ஸே' ('இருக்கலாம்' என்று பொருள்) மாதிரி பழைய வழக்குகளைத் தனி நோட்டில் எழுதுங்கள். அலுவலக மெயிலில் அவை ஒட்டாது.