என் ஸ்விட்ச் ஆன் நாளை யாரும் வீடியோ எடுக்க வேண்டாம்

காக்ளியர் இம்ப்ளாண்ட் (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலியை உணரவைக்கும் கருவி) அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். கருவியை இன்னும் இயக்கவில்லை; அதை முதல்முறை இயக்கும் நாளைத்தான் ஸ்விட்ச் ஆன் என்கிறார்கள். இந்த இடைவெளியில் என்னிடம் அதிகம் வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று, "இப்போ கேட்குதா?" என்ற கேள்வி. இன்னொன்று, யாரோ ஒருவர் முதல்முறை ஒலி கேட்டுக் கண்ணீர் விடும் வீடியோ. கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். வீடியோதான் எனக்குப் பிரச்சினை. கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். ஆளாளுக்கு உதட்டைப் பார்த்துப் பேசுவதைவிட எனக்கு இது சுலபம்.

முதலில் பதில்: இல்லை, கேட்கவில்லை. அறுவை சிகிச்சை நன்றாக நடந்தும் கேட்கவில்லை. தலைக்குள், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்திருக்கும் பாகத்துக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது, மைக்கும் கிடையாது. வெளியே மாட்டும் ப்ராசஸர்தான் ஒலியைப் பிடித்து, மின்சக்தியையும் சேர்த்துத் தோல் வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். அது இன்னும் என் கைக்கு வரவில்லை. சொல்லப்போனால் இப்போது முன்பைவிடக் குறைவாகவே கேட்கிறது. எலக்ட்ரோடை (நரம்புக்கு மின்துடிப்பு கொடுக்கும் முனைகள் கொண்ட மெல்லிய இழை) காக்ளியாவுக்குள் (உள்காதின் நத்தைக்கூடு போன்ற சுருள்) செலுத்தும்போது மிச்சமிருக்கும் இயற்கையான கேள்திறன் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குப் போய்விட்டது. கதவு அறைந்தால் ஹியரிங் எய்ட் வழியாக அந்தக் காதில் ஏதோ எட்டும். இனி அதுவும் இல்லை. தெரிந்தே எடுத்த முடிவுதான், ஆனாலும் அதற்காக ஒருநாள் அழுதேன். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

உடம்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். வலி நினைத்த அளவுக்கு இல்லை. காது மடலின் மேல்பாதி மரத்துப்போயிருக்கிறது, தொட்டால் வேறு யாருடைய காதோ போல. எழுந்தால் தலை சுற்றல், இப்போது குறைந்து வருகிறது. நாக்கில் ஒரு பக்கம் எதைச் சாப்பிட்டாலும் உலோகச் சுவை. சுவை நரம்பு ஒன்று நடுக்காது வழியாகத்தான் போகிறதாம். அறுவை சிகிச்சையில் அது சீண்டப்பட்டால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட, இப்படி இருக்கும். மூக்கைச் சிந்தக் கூடாது. அந்தக் காற்றழுத்தம் மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் வழியே மேலே ஏறும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இத்தனை வயதுவரை வாயைப் பொத்தித் தும்மிப் பழகியவளுக்கு இதுதான் ஆகக் கடினமான கட்டளை. மூளைக்காய்ச்சல் ஆபத்தைக் குறைக்க நிமோகாக்கல் தடுப்பூசியை முன்பே போட்டுவிட்டார்கள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். இதை இம்ப்ளாண்ட் வைத்த எல்லோருடைய வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், வெளியே சத்தமே இல்லாமல் காதுக்குள் ஒலிக்கும் இரைச்சல். காது கேட்காதவர்கள் நிசப்தத்தில் வாழ்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இரவு இரண்டு மணிக்கு என் தலைக்குள் வந்து பார்க்க வேண்டும்.

ஏன் உடனே இயக்கக் கூடாது? ப்ராசஸரின் வெளிச் சுருளும் (coil) உள்ளிருக்கும் பாகமும் காந்தத்தால்தான் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் தோல் வீங்கியிருந்தால் பிடிப்பு இருக்காது, புண்ணும் அழுந்தும். எலக்ட்ரோடைச் சுற்றியுள்ள திசுவும் கொஞ்சம் அடங்க வேண்டும், இல்லையென்றால் இன்று வைத்த மின் அளவு நாளைக்குப் பொருந்தாது. பல இடங்களில் இரண்டிலிருந்து நான்கு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். சில நாட்களிலேயே இயக்கும் மையங்களும் உண்டு. எலக்ட்ரோடு வேலை செய்கிறதா, நரம்பு பதில் தருகிறதா என்று அறுவை மேசையிலேயே சோதித்துவிட்டார்கள். நரம்பு பதில் சொன்னது. நான்தான் மயக்கத்தில் இருந்தேன்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். ஆடியாலஜிஸ்ட் (கேள்திறன் நிபுணர்) ஒரு பொத்தானை அழுத்துகிறார், முகம் மலர்கிறது, அம்மா அழுகிறார், முடிந்தது. மறுநாள் காலை என்ன ஆனது என்று எந்த வீடியோவிலும் இல்லை. இயற்கையான காக்ளியாவில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 3,500. அவற்றின் வேலையைச் செய்ய எனக்குக் கிடைத்திருப்பவை, தயாரிப்பைப் பொறுத்து, 12 முதல் 22 எலக்ட்ரோடு முனைகள். காக்ளியாவின் வாயிலில் கீச்சுக் குரல்கள், உள்முனையில் கனத்த குரல்கள் என்று இயற்கை இடம் பிரித்து வைத்திருக்கிறது. எலக்ட்ரோடு பெரும்பாலும் அந்த உள்முனை வரை போவதில்லை. அதனால் கனத்த குரலும் கீச்சுக் குரலுக்கான பக்கம் கொஞ்சம் தள்ளி வந்து விழுகிறது. முதல் நாளில் பலருக்கு எல்லோர் குரலும் இயந்திரம் போலவோ கீச்சென்றோ கேட்பதற்கு அது ஒரு காரணம். சிலருக்கு வெறும் பீப் மட்டும். அதிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க மூளைக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். மின் அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் மேப்பிங்கும் அதற்காகத்தான்.

வரலாற்றையே பாருங்கள். 1978 ஆகஸ்டில் மெல்போர்னில் காது அறுவை நிபுணர் கிரேம் கிளார்க்கின் குழு, கேள்திறனை இழந்திருந்த ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பல எலக்ட்ரோடுகள் கொண்ட இம்ப்ளாண்டை வைத்தது. முதல் சோதனையில் அவருக்குக் கேட்டது தன் காது இரைச்சல் மட்டும்தான். சோதனைக் கருவியில் கோளாறு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்த பின் கேட்டது. இன்று என் தலைக்குள் இருப்பது அந்த வழியில் வந்த கருவிதான். அந்த முதல் நாளை யாராவது படம்பிடித்துப் பரப்பியிருந்தால் அதற்கு எத்தனை லைக் விழுந்திருக்கும்?

இந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் அவை வீட்டாருக்கு ஒரு அளவுகோலைக் கொடுத்துவிடுகின்றன. எனக்கு முன் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட ஒருவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது: "சுற்றி நாலு ஃபோன். எனக்கு வெறும் டிக் டிக். எல்லோர் முகமும் வாடுவதைப் பார்த்துக் கேட்பது போலச் சிரித்து வைத்தேன்." அந்தச் சிரிப்பால் ஆடியாலஜிஸ்ட்டுக்கே தவறான தகவல் போயிருக்கும். அந்த அறையில் அவருக்கு வேண்டியது உண்மையான பதில்கள். இப்போது தெரிகிறதா, இப்போது கூடுகிறதா, உறுத்துகிறதா என்று ஒவ்வொரு எலக்ட்ரோடாகக் கேட்டுத்தான் அளவு வைப்பார். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்? சைகை மொழியில் நிறைவாக வாழ்பவர்களிடம் இந்தக் கண்ணீர் வீடியோக்கள் என்ன சொல்கின்றன என்பது தனிக் கதை. அதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

ஆகவே அன்று என் கணவர் மட்டும் கூட வருகிறார். அவர் ஃபோனில் பேச்சை எழுத்தாக்கும் செயலி ஓடிக்கொண்டிருக்கும், கேமரா இல்லை. சித்தி, மாமா, அலுவலக நண்பர்கள் எல்லோரும் அன்று மாலை மெசேஜ் அனுப்புங்கள், பதில் போடுகிறேன். ஃபோன் செய்து "என் குரல் தெரியுதா?" என்று சோதிக்க மட்டும் வேண்டாம். ஃபோனில் பேச்சைப் பிடிப்பது பயிற்சியிலேயே கடைசிப் பாடங்களில் ஒன்று. அந்தக் கட்டம் வரும்போது நானே அழைக்கிறேன்.