செல்ஃப் எடுக்கலைன்னா மொதல்ல காதைக் குடுங்கய்யா!

"மாத்திப் பாத்துடலாங்ண்ணா."

இதை இன்னொரு தடவை யாராவது என் லாரிக்கு அடியில படுத்துக்கிட்டுச் சொன்னா, காலைப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டுடுவேன். மாத்திப் பாக்குறது யார் காசுல? என் காசுல. சரியாகலைன்னா புதுசைக் கழட்டிட்டு காசைத் திருப்பித் தருவீங்களா? மாட்டீங்க. "விடுங்ண்ணா, அதுவும் போற நெலமையிலதான் இருந்துச்சு"ன்னு ஒரு சமாதானம் வரும். எப்பிடிய்யா தெரியும் உனக்கு? மீட்டர் வெச்சுப் பாத்தியா? கழட்டிப் பிரிச்சுப் பாத்தியா? ஒண்ணுமில்லை. வாயிலயே வைத்தியம்.

விஷயத்துக்கு வர்றேன். நாமக்கல் பக்கம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லாரி. நாலு சிலிண்டர் டீசல், ஆறு சக்கரம். பாடி நல்லா இருக்கு, டயர் பரவால்லை, இன்ஜின் புகையில்லாம ஓடுது. செல்ஃப் மட்டும் எடுக்காது. சாவியைத் திருப்பினா 'டங்'குனு ஒரு அடி, அப்பறம் இரும்பை இரும்பு ராவுற 'கர்ர்ர்ர்'. செல்ஃப் மோட்டாரோட சின்னப் பல்லு, இன்ஜினோட சுத்துற பெரிய சக்கரமான ஃப்ளைவீலோட பல்லுக்குள்ள எறங்காம முகத்துலயே மோதிக்கிட்டு நிக்குது. சில நேரம் புடிக்கும். சில நேரம் பேட்டரியே படுத்துட்டாலும் புடிக்காது.

லாரி ஓட்டாதவங்க "தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதானே"ன்னு கேப்பாங்க. ஸ்கூட்டரா இது? லோடு ஏத்தின லாரியைத் தள்ள ஒரு தெருவே எறங்கி வரணும். நான் அடிக்கிறது மரவள்ளிக் கெழங்கு லோடு. சீசன்ல சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி வாசல்ல வண்டி எப்பிடி வரிசை கட்டி நிக்கும்னு சேலம், நாமக்கல்காரங்களைக் கேளுங்க. வண்டி நீளத்துக்கு முன்னாடி நகரணும், நிறுத்தணும், மறுபடி நகரணும். மத்தவனெல்லாம் இன்ஜினை அணைச்சுட்டு டீ குடிக்கப் போவான். நான் மட்டும் ராத்திரி பூரா ஐடிலிங்ல ஓட விட்டு டீசலைக் கொளுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். அணைச்சா மறுபடி புடிக்குங்கிறதுக்கு உத்தரவாதம் இல்லை. நடுவுல நின்னுட்டா பின்னாடி இருக்குற அத்தனை பேரும் ஹாரன்லயே என் அம்மாவை விசாரிப்பாங்க. புடுங்கின கெழங்கு ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது. மாவுச்சத்து எறங்க எறங்க, அதை அளந்து போடற பாயிண்ட் கொறையும், பாயிண்ட் கொறைஞ்சா வெலை கொறையும். அந்த வெலைக்கு அப்பறம் வெவசாயி என்னைத்தானே மொறைப்பான்?

பெட்ரோல் பங்க்கு, டோல்கேட்டு, கோயிலு, எங்க போனாலும் சரிவு இருக்குற எடமாத் தேடி நிறுத்தணும். கைப்பிடி போட்டுச் சுத்தித்தான் இன்ஜினைக் கெளப்பணுங்கிற கொடுமைக்கு முடிவு கட்ட 1912லயே கேடிலாக் கார்ல எலக்ட்ரிக் செல்ஃப் வெச்சுட்டாங்க. அதுக்கப்பறம் நூறு வருஷம் தாண்டியாச்சு. நான் இன்னும் மேடு தேடிக்கிட்டுத் திரியறேன்.

சரி, பட்டறைக் கதைக்கு வருவோம். மொதல் ஆளு பேட்டரி சொன்னாரு. சாதாரணமா நிக்கும்போது 12.6 வோல்ட்டும், செல்ஃப் அடிக்கும்போது பத்தைச் சுத்தியும் நிக்குற பேட்டரி அது. மீட்டர்ல நானே காட்டினேன். "மீட்டரெல்லாம் சரியாக் காட்டாதுங்ண்ணா." அப்போ எது காட்டும், சோழியா? எர்த் வயரையாவது பாருங்கன்னேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் மோசம்னு அர்த்தம். அதுவும் கொறைச்சலாத்தான் காட்டுச்சு. பேட்டரியை மாத்தினதுதான் மிச்சம்.

அடுத்தவரு ஆட்டோ எலக்ட்ரீசியன். இவரு பண்ணினதை நெனச்சா இப்பவும் ரத்தம் கொதிக்குது. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரு, செல்ஃப் மேல உக்காந்திருக்குற காந்த ஸ்விட்ச்சான சோலனாய்டுல இருக்குற ரெண்டு தடி போல்ட்டையும் சேத்து ஷார்ட் அடிச்சாரு. பொறி பறந்துச்சு. மோட்டார் 'உய்ய்ங்'னு சும்மா சுத்துச்சு. "பாத்தீங்களாங்ண்ணா, மோட்டார் சுத்துது, பெண்டிக்ஸ் வெளிய வரலை. பெண்டிக்ஸ் போச்சு!" (அந்தச் சின்னப் பல்லு இருக்குற சாமான்தான் பெண்டிக்ஸ்.)

அய்யா சாமி, அந்த ரெண்டு போல்ட்டையும் சேத்தா இந்த மாதிரி சோலனாய்டே பெண்டிக்ஸைத் தள்ளுற செல்ஃப்ல பெண்டிக்ஸ் வெளிய வராது! பெண்டிக்ஸைத் தள்ளுறது மோட்டார் இல்லை, சோலனாய்டு. சாவியிலிருந்து வர்ற சின்ன வயர்ல கரண்ட் வந்தாத்தான் உள்ள இருக்குற பிளஞ்சர்ங்கிற இரும்புத் தண்டு பின்னாடி போகும், ஃபோர்க்குங்கிற நெம்பைப் புடிச்சு இழுக்கும், ஃபோர்க் பெண்டிக்ஸை முன்னாடி தள்ளும். பிளஞ்சர் கடைசி வரைக்கும் போன அப்பறம்தான் அந்தத் தடி போல்ட் ரெண்டும் உள்ள ஒண்ணாச் சேந்து மோட்டாருக்கு முழுக் கரண்ட் போகும். இவரு தடி போல்ட்டை நேரா ஷார்ட் பண்ணினா பாதி வேலையைத் தாண்டிக் குதிச்சாச்சு. கதவைத் தொறக்காம ஆளு உள்ள வரலைன்னு சொல்ற மாதிரி. பேட்டரி வயர் வர்ற தடி போல்ட்டையும் சாவி வயர் சொருகுற சின்ன டெர்மினலையும் சேத்துத்தான் பாக்கணும். அதுவும் கியர் நியூட்ரலா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா, சக்கரத்துக்குக் கல்லு வெச்சாச்சான்னு பாத்துட்டு. கியர்ல இருந்து புடிச்சுதுன்னா அடியில படுத்திருக்குறவன் மேலயே வண்டி ஏறும்.

இதையெல்லாம் சொன்னா "நீங்க மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா"ங்குறாரு. புது பெண்டிக்ஸ் போட்டாரு. 'டங்', 'கர்ர்ர்'. சோலனாய்டு மாத்தினாரு. 'டங்', 'கர்ர்ர்'. அப்பறம் முழு செல்ஃப் மோட்டாரையே புதுசாப் போடலாம்னு ஒரு யோசனை. கழட்டிக் கீழ வெச்சு பேட்டரி குடுத்தா பெண்டிக்ஸ் அழகாக் குதிச்சு வெளிய வந்து சுத்துது, அப்பவும் மோட்டாரையே மாத்தணுமாம்! தரையில லோடு இல்லாமச் சுத்துறதை வெச்சு நல்லது கெட்டது முழுசாச் சொல்ல முடியாதுங்கிறது வேற விஷயம். ஆனா இந்த மனுஷன் அதுக்காகவும் சொல்லலை.

காது இருந்தா போதுங்க இந்த வேலைக்கு. 'டக் டக் டக் டக்'னு தட்டிக்கிட்டே இருந்தா கரண்ட் பத்தலை: பேட்டரி, டெர்மினல், எர்த், இல்லைன்னா சோலனாய்டுக்குள்ள பிளஞ்சரைப் புடிச்சு வெச்சுக்குற கம்பிச் சுத்து அறுந்திருக்கும். 'உய்ய்ங்'னு மோட்டார் மட்டும் சுத்தி இன்ஜின் அசையலைன்னா பெண்டிக்ஸ் உள்ள இருக்குற ஒன்வே கிளட்ச் வழுக்குது, இல்லைன்னா ஃபோர்க் ஒடைஞ்சிருக்கு, இல்லைன்னா கிளட்ச் தூசும் காஞ்ச கிரீஸும் சேந்து பெண்டிக்ஸ் நகர்ற எடமே எறுகிப் போயிருக்கு. 'கர்ர்ர்'னு ராவினா பல்லு. பெண்டிக்ஸ் பல்லு, இல்லைன்னா ஃப்ளைவீலைச் சுத்தி மாட்டியிருக்குற ரிங் கியர் பல்லு. பெண்டிக்ஸ் புதுசு போட்டும் ராவினா அடுத்து எங்க பாக்கணும்? இதுக்கு ஐடிஐ படிக்கணுமா?

ரிங் கியர்னு சொன்னதும் ஒரு பட்டறையில "கியர் பாக்ஸ் எறக்கணுங்ண்ணா, ரெண்டு நாள் ஆவும்"னு ஆரம்பிச்சாங்க. மாத்துறதுக்கு எறக்கணும், சரி. பாக்குறதுக்கு எதுக்கு எறக்கணும்? செல்ஃப் மோட்டாரைக் கழட்டினா அது உக்காந்திருந்த ஓட்டையில ரிங் கியர் பல்லு கண்ணு முன்னாடி நிக்குது! பேட்டரி வயரைக் கழட்டிட்டு, முன்னாடி கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு, அதுல ஒரு பைப்பைச் சொருகி என் கிளீனர் பையன் மெதுவாச் சுத்த, டார்ச் அடிச்சு முழு வட்டத்தையும் நானே பாத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம். இத்தனை பட்டறையில ஒருத்தன் கூட இதைச் செய்யலை.

நான் என்ன எதிர்பாத்தேன்னா, ரெண்டு எடத்துல மட்டும் பல்லு தேஞ்சிருக்கும்னு. நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது கம்ப்ரஷன் தடுக்குறதால பெரும்பாலும் எதிரெதிரா ரெண்டு எடத்துலதான் வந்து நிக்கும். ஆறு சிலிண்டர்னா மூணு எடம். அதனால செல்ஃப் அடி வாங்குறதும் அந்த எடங்கள்லயே. அப்பிடித் தேஞ்சிருந்தா டாப் கியர்ல போட்டு வண்டியைக் கொஞ்சம் உந்திட்டு, நியூட்ரலாக்கி அடிச்சா நல்ல பல்லு வந்து டக்குனு புடிச்சுடும். என் வண்டியில அதுவும் நிச்சயமில்லாம இருந்துச்சு. ஏன்னு இப்போ தெரிஞ்சுது.

சுத்தி இருக்குற எல்லாப் பல்லும் கூர்மையா, நேர் வெட்டா நிக்குது. பெண்டிக்ஸ் வர்ற பக்கம் ரிங் கியர் பல்லோட ஓரம் சாய்வாச் சீவியிருக்கணும். அந்தச் சாய்வு இருந்தாத்தான் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டினாலும் வழுக்கி உள்ள எறங்கும். என் வண்டியில அந்தப் பக்கம் சாய்வே இல்லை. கழட்டினப்பறம் பாத்தா, சாய்வு பின்பக்கம் இன்ஜினைப் பாத்துக்கிட்டு இருக்கு, அந்தப் பக்கம் ரெண்டு எடத்துல பல்லு மழுங்கிப் போய்க் கெடக்கு. பழைய ஓனர் பட்டறையில எவனோ ஒரு புண்ணியவான் தேஞ்ச ரிங் கியரைக் காய்ச்சிக் கழட்டி, திருப்பிப் போட்டு, புதுப் பக்கத்துல சாய்வு கூட ராவாம மாட்டி அனுப்பியிருக்கான்! திருப்பிப் போடறதை நான் தப்புன்னு சொல்லலை, காலங்காலமாச் செய்யறதுதான். ஆனா சாய்வு எடுத்துட்டுப் போடணும்டா! அரை நாள் லேத் வேலைக்குச் சோம்பல் பட்டதுக்கு நான் இத்தனை சாமான் வாங்கியிருக்கேன்.

புரோக்கருக்கும் தெரியும்னு அடிச்சுச் சொல்வேன். வண்டி பாக்கப் போனப்போ இன்ஜின் ஏற்கெனவே சூடா ஓடிக்கிட்டிருந்துச்சு, நிறுத்தியிருந்தது நல்ல சரிவுல. அணைச்சுட்டு மறுபடி போடச் சொன்னோம். நம்ம நேரம், அன்னைக்கு ஒரே அடியில புடிச்சுத் தொலைஞ்சுது. அந்தாளு முகத்துல வந்த சந்தோஷத்துக்கு அர்த்தம் இப்பத்தான் புரியுது. வண்டி வாங்கப் போறவங்க யாராவது இதைப் படிச்சா, சொல்லாமக் கொள்ளாம விடியக்காலையில போய் நில்லுங்க. பச்சைத் தண்ணியா இருக்குற இன்ஜினைச் சமதரையில அடிச்சுக் காட்டச் சொல்லுங்க.

இப்போ புது ரிங் கியர் போட்டாச்சு. லேத்துக்காரர் 200 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிச் சீராச் சூடேத்தி, ஃப்ளைவீல் மேல எறக்கி, ஆற விட்டாரு. கேஸ் வெல்டிங்கை வெச்சுச் செவக்கச் செவக்கக் காய்ச்சினா பல்லோட உறுதியே போயிடும்னு அவரே சொன்னாரு. சாய்வு எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை கேட்டேன், சிரிச்சாரு. ரிங் கியர் வெலை, சும்மா மாத்தின அந்த பெண்டிக்ஸ், சோலனாய்டு, பேட்டரி வெலையில ஒரு மூலைக்குக் காணாது. செல்ஃப் இப்போ முதல் திருப்புல எடுக்குது.

ஆனா கோவம் எறங்கலை. ஏன்னா, என் வண்டியிலிருந்து கழட்டின பழைய பெண்டிக்ஸும் சோலனாய்டும் எங்கடான்னு கேட்டா "ஸ்கிராப்ல போட்டாச்சுங்ண்ணா"ங்குறாங்க. கெடாத சாமான் ஸ்கிராப்புக்கா போகும்? துடைச்சு பெயிண்ட் அடிச்சு இந்நேரம் இன்னொருத்தன் வண்டிக்கு "கம்பெனி சாமான்"னு ஏறியிருக்கும். நாளைக்குக் காலையில லோடு கெடையாது. லாரியைப் பட்டறை வாசல்ல குறுக்க நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கப் போறேன். சாமான் வந்தாத்தான் வண்டி நகரும்.