டிடிஎஸ் மீட்டரைக் கீழே வையுங்கள், குளோரினை அளந்து பாருங்கள்

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒருவர் பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது) டம்ளரில் முக்கி, "140தான் காட்டுது, தாராளமா குடிக்கலாம்" என்கிறார். இன்னொரு வீட்டில் 600 என்று பார்த்துவிட்டுப் பதறுகிறார்கள். அந்த நிம்மதிக்கும் ஆதாரம் இல்லை, இந்தப் பதற்றத்துக்கும் ஆதாரம் இல்லை.

அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான். அதை ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி, இவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிறது. கிருமி எதுவும் அதற்குத் தெரியாது. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மீட்டர் காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றமோ 1 மில்லிகிராம், அதாவது அதைப்போல் 100 மடங்கு. ஈயம் வரம்பைவிடப் பத்து மடங்கு கூடினாலும் திரையில் எண் அசையாது. ஆர்சனிக்குக்கும் இதே கணக்குதான். டிடிஎஸ் எண்ணால் சுவையை ஓரளவு ஊகிக்கலாம். வழக்கமாக 200 காட்டும் குழாய் ஒருநாள் 450 காட்டினால், நீராதாரம் மாறியிருக்கிறது அல்லது வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதன் பயன் அவ்வளவோடு சரி.

நகரக் குழாய்த் தண்ணீரில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சிய குளோரின். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் நல்லபடியாகவே கிளம்பினாலும், வீட்டுக்கு வரும் முன் பல கிலோமீட்டர் பழைய குழாயில் ஓடுகிறது. அந்த வழி முழுக்க அதற்குக் காவலாக இருப்பது, கலந்ததில் செலவானது போக மிச்சமிருக்கும் குளோரின் ஒன்றுதான். pH (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8-க்குக் கீழே இருக்கும்போது, குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் (அம்மோனியா போன்றவற்றோடு சேராமல் மிச்சமிருப்பது) இருக்க வேண்டும், வீட்டுக் குழாயை அடையும்போது 0.2-க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். pH நிபந்தனைக்குக் காரணம் உண்டு. கிருமியை வேகமாகக் கொல்வது, குளோரின் தண்ணீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம். pH 7.5-இல் குளோரினில் ஏறத்தாழ பாதி அந்த வடிவில் இருக்கும்; 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே ஒரே 0.5 எல்லாத் தண்ணீரிலும் ஒரே வேலையைச் செய்யாது.

அளப்பது கடினமில்லை. டிபிடி மாத்திரை உள்ள சோதனைப் பெட்டி வாங்குங்கள். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு 10 மில்லி தண்ணீர் பிடித்து, எண் 1 மாத்திரையைப் போட்டு நசுக்கிக் கலக்கி, இளஞ்சிவப்பு நிறத்தை வண்ண அட்டையோடு உடனே ஒப்பிடுங்கள். தாமதித்தால் அளவு கூடுதலாகத் தெரியும். மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் தோன்றிய வேகத்தில் வெளுத்துவிடும், பார்ப்பவர் "சுழியம்" என்று எழுதிவிடுவார். வாடை தூக்கலாக இருந்தும் நிறம் வரவில்லையென்றால், குளோரின் இல்லாத தண்ணீரைச் சேர்த்து நீர்க்கவைத்து மறுபடி பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடொலிடின் சொட்டு மருந்து மலிவு, ஆனால் அது தனிக் குளோரினையும் பிணைந்த குளோரினையும் (அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்துவிட்டது) பிரித்துச் சொல்லாது. அந்த மருந்தும் நச்சு. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

சோதனையை இரண்டு இடங்களில் செய்யுங்கள்: தெருக் குழாயிலிருந்து நேரடியாக வரும் இணைப்பில் ஒன்று, மேல்தொட்டி வழியாக வரும் சமையலறைக் குழாயில் ஒன்று. முதலாவதிலேயே சுழியம் என்றால் குறை குடிநீர் வாரியத்தின் பக்கம். முதலாவதில் 0.4, இரண்டாவதில் சுழியம் என்றால் உங்கள் தொட்டியைத் திறந்து பாருங்கள். வெறுமனே "தண்ணீர் சரியில்லை" என்று சொல்லும் புகாரை ஒதுக்குவதுபோல், இந்த இரண்டு எண்களை எழுதிக் கொடுக்கும் புகாரை ஒதுக்க முடியாது.

குளோரின் வாடைக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மூக்கைத் துளைக்கும் வாடை பெரும்பாலும் தனிக் குளோரினுடையது இல்லை. அது அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களுடையது. சில நகரங்கள் வேண்டுமென்றே குளோரமின் கலக்கின்றன. அப்படிக் கலக்காத ஊரில் மொத்தக் குளோரின் (தனியும் பிணைந்ததும் சேர்த்து) 1, தனிக் குளோரின் சுழியம் என்று காட்டினால் சாக்கடை கலந்திருக்கக்கூடும். அன்று அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

சாக்கடை எப்படி உள்ளே வருகிறது? குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். விநியோகத்தை நிறுத்தியதும் அழுத்தம் விழுகிறது, கசிந்து வெளியே தேங்கிய நீர் அதே விரிசல் வழியாக உள்ளே திரும்புகிறது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் கசிந்தால் அதுவும் சேர்ந்து வரும். சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் நகரங்களில் இது தினமும் நடக்கிறது. அதை இன்னும் மோசமாக்குவது, தெருக் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது. ஒரு வீடு உறிஞ்சும்போது தெரு முழுவதும் குழாயில் அழுத்தம் இறங்கி, சுற்றியுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்படுகிறது. இதைச் செய்பவர் அண்டை வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்கிறார் என்றுதான் சொல்வேன். உறிஞ்சாமல், தானாக விழும் தண்ணீரைத் தரைத்தொட்டியில் சேர்த்து அங்கிருந்து மேலேற்றுங்கள். விநியோகம் தொடங்கியதும் முதலில் வரும் தண்ணீரைத் தொட்டியில் விடாதீர்கள். நிறமும் வாடையும் தெளியும்வரை வேறு உபயோகத்துக்குப் பிடியுங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்வதில்தான் அளவு தெரியாமல் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டலை வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 165 கிராம். பொடியை அப்படியே கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி நிரப்புங்கள். எல்லாக் குழாய்களையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 24 மணி நேரம் விட்டு, பிறகு முழுவதையும் வெளியேற்றிக் கழுவுங்கள். திறந்து வைத்த பழைய பொடியில் வீரியம் போயிருக்கும். அமிலக் கிளீனரோடு அதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளைக் கொல்லக்கூடியது. ஆழமான தரைத்தொட்டிக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள், காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். மூடி, காற்றுக்குழாய், வழிநீர்க்குழாய் மூன்றிலும் கொசுவலை இல்லையென்றால் கழுவியதன் பலன் நிலைக்காது.

குளோரினும் எல்லாவற்றையும் கொல்லாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றதற்குக் காரணமான கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, வழக்கமான குளோரின் அளவுக்கு அசைந்துகொடுக்காது. அதைத் தடுப்பது நல்ல வடிகட்டல். கலங்கலை 1 என்டியூவுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் அதுவும் சாகும். ஈயமும் நைட்ரேட்டும் கொதித்தால் போகாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். பழைய ஈயக் குழாயோ பித்தளை இணைப்போ உள்ள வீட்டில் காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், ஹீட்டர் தண்ணீரை எப்போதும் எடுக்காதீர்கள்.

ஆர்ஓ கருவியை நான் எதிர்க்கவில்லை. உப்போ, ஃப்ளோரைடோ, ஆர்சனிக்கோ அதிகமுள்ள இடத்தில் அது தேவை. ஆனால் அதன் மெம்பிரேனை, அதாவது வடிகட்டும் சவ்வை, காப்பாற்ற, முன்னால் உள்ள கார்பன் வடிகட்டி குளோரின் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. எனவே கருவியின் சேமிப்புத் தொட்டியில் நிற்பது காவலே இல்லாத தண்ணீர். கார்ட்ரிட்ஜை மாற்றாமல், தொட்டியைக் கழுவாமல் ஓட்டினால் அங்கேயே கிருமி வளரும்.

2000 மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் கனமழையில் மாட்டுச் சாணக் கழிவு கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள், 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அங்கே குளோரினைப் போதுமான அளவு கலக்கவும் இல்லை, தினமும் அளக்கவும் இல்லை. அளந்ததாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள் என்று விசாரணை ஆணையம் கண்டது. அதனால்தான் "எங்கள் தண்ணீர் தரமானது" என்ற அறிவிப்போ, ஊர் முழுவதற்கும் போட்ட ஆண்டு சராசரியோ எனக்குப் போதாது. சராசரியில் கடைசித் தெரு காணாமல் போய்விடும். ஒவ்வொரு பகுதியிலும் குழாய் முடியும் கடைசி வீட்டில் அன்றன்று அளந்த தனிக் குளோரின், அழுத்தம், கலங்கல் ஆகிய மூன்று எண்களையும், 100 மில்லியில் மலக் கலப்பைக் காட்டும் ஈ-கோலை பாக்டீரியா இருந்ததா என்ற பரிசோதனை முடிவையும் தேதியோடும் இடத்தோடும் குடிநீர் வாரியம் வெளியிட வேண்டும். வரி கட்டுகிறவர்கள் இதை எழுத்தில் கேளுங்கள்.