கத்திரிக்கோலுக்கு முன்னால் என்ன நடந்தது?

சனிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு படம் போட்டார்கள். அங்கே நடந்த கூத்து இது. படம் 'பிளைண்ட்னஸ்'. நடுவில் ஒரு துண்டைக் காட்டாமல் ரிமோட்டால் வேகமாக ஓட்டிவிட்டார்கள். கேட்டால், "பொம்பளையாளுக இருக்காகல்லா அண்ணாச்சி!"

சரி. விட்டு வெளியே வந்த ஆட்கள் என்ன கேட்டார்கள்? "அந்த டாக்டர் பொண்டாட்டி ஏன்வே அவனைக் கத்திரிக்கோலால குத்துனா?" படம் போட்ட அண்ணாச்சிமாரே, பதில் நீங்கள் ஓட்டிவிட்ட துண்டில் இருந்தது.

அந்தப் படம் படிப்படியாக இறங்குகிற படம். திடீரென்று பார்வை போகும் தொற்று. வந்தவர்களைப் பாழடைந்த மனநல விடுதியில் அடைத்து, வாசலில் பட்டாளத்தை நிறுத்துகிறார்கள். சாப்பாட்டுப் பெட்டி வருவது குறைகிறது. மூணாம் வார்டுக்காரனிடம் ஒரு துப்பாக்கி, பெட்டிகளை மடக்கிவிடுகிறான். முதலில் நகை, கைக்கடிகாரம் கேட்கிறான். வரவு வைக்கப் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு கணக்குப்பிள்ளை. நகை தீர்ந்ததும், "பெண்களை அனுப்பு". போன பெண்களில் ஒருத்தியைப் பிணமாகத் தூக்கி வந்து கழுவுகிறார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் பொண்டாட்டி கத்திரிக்கோலால் அந்த மூணாம் வார்டுக்காரனைக் குத்துகிறாள். இந்தப் படியை உருவினால் அவள் வெறிபிடித்த கொலைகாரி ஆகிவிடுகிறாள். ஆக்கிவிட்டீர்கள்.

அந்தத் துண்டில் கூசவேண்டியது யார்? போவதா வேண்டாமா என்று பேச்சு வரும்போது, புருஷன்மார் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அனுப்பினால் வரும் சோற்றில் அவர்களுக்கும் பங்குண்டு. பெண்களுக்காக வெட்டினார்களாம்! ரிமோட் யார் கையில் இருந்தது?

திரை வெள்ளையாகப் பூத்தபோது "டிஸ்க் கோளாறா"ன்னு ஒருத்தர் கேட்டது வேறு. கண்ணுக்குள் பால் ஊற்றினாற்போலப் பார்வை போவதால் ஒளிப்பதிவே அப்படி. வாசல் டியூப் லைட்டை அணைக்காமல் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாது. அதைச் செய்ய ஆளில்லை, வெட்ட மட்டும் ஆள் இருந்தது.

பார்வையற்றவர்களைக் கேவலப்படுத்துகிறது என்று 2008-ல் அமெரிக்காவில் அவர்களே தியேட்டர் வாசலில் போராடினார்கள். நியாயமான கேள்வி. பார்வையற்றோர் பள்ளி இருக்கிற ஊரில் யாராவது கேட்டிருந்தால் கைகட்டிக் கேட்டிருப்பேன். ஒருத்தரும் கேட்கலை.

கேட்டது, "நம்ம ஆளுக இப்படியெல்லாம் செய்யமாட்டாக". அப்படியா? 2020 ஏப்ரலில் கொரோனாவில் செத்த டாக்டரைச் சென்னையில் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தது எந்த நாட்டு ஆளுக? கொரோனாவுக்காக நம்ம பக்கத்து மேலப்பாளையத்தை அடைத்த அந்த மாதம், அந்த ஊர்ப்பேரைக் கேட்டாலே முகம் சுளித்தது யாரு? படத்தில் வந்த பட்டாளமா?

அப்ப நாம செஞ்ச சோலியையும் யாரோ ஓட்டிவிட்டாப்லதான் இருக்கு. மறுபடி போடுங்க அண்ணாச்சி, முழுசா. பொம்பளையாளுக பார்த்துக்கிடுவாக.