டெமோ நாளில் மட்டும் நிரம்பும் கூடம்

அமெச்சூர் ஓவியச் சங்கம் எதிலாவது உறுப்பினராக இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வெளியிலிருந்து ஓவியர் ஒருவர் வந்து வரைந்து காட்டப் போகிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் அன்றைக்கு நாற்காலி போதாது. அடுத்த வாரம் 'அவரவர் பிரஷ், பெயின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து வரைவோம்' என்றால் வழக்கமாக வரும் அதே முகங்கள்தான், அதிலும் இரண்டு பேர் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். கூட்டம் வருவதை நான் குறை சொல்லவில்லை, தாராளமாக வரட்டும். ஆனால் வந்தவர்களை வேடிக்கை பார்க்கிறவர்களாகவே திருப்பி அனுப்புவது நாம் டெமோ நடத்துகிற விதம்தான் என்பது என் கட்சி.

வழக்கமான டெமோ எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓவியர் வரும்போதே பேப்பர் போர்டில் ஒட்டப்பட்டிருக்கும். பென்சில் ஸ்கெட்ச் வீட்டிலேயே போட்டாகிவிட்டது. வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களில் நிறம் ஒட்டாமல் தடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவிக் காய்ந்திருக்கிறது. அதே நீர்நிலை, அதே படகு, பின்னால் அதே மரங்கள். அவர் அதை எத்தனை முறை வரைந்திருப்பாரோ, கை தானாகப் போகிறது. நடுநடுவே நல்ல நல்ல கதை சொல்கிறார், நாம் சிரிக்கிறோம். இரண்டு மணி நேரம் முடிகிற நேரத்தில் மாஸ்கிங் டேப்பை உரிக்கிறார், சுற்றிலும் சுத்தமான வெள்ளை ஓரம் தெரிகிறது, கைதட்டல். எழுந்து போகும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: 'எவ்வளவு ஈஸியா முடிச்சுட்டார்!'

எனக்கு அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது. ஈஸியாகத் தெரிந்ததற்குக் காரணம், கஷ்டமான பகுதி நம் கண்ணுக்கு வராமல் போனது. அந்தப் படகு ஏன் நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடது பக்கம் நிற்கிறது? அடிவானத்தை ஏன் அவ்வளவு மேலே வைத்தார்? பார்த்து வரைந்த போட்டோவில் இருந்த எதை எல்லாம் தூக்கி எறிந்தார்? எந்த இடம் படத்திலேயே மிக இருட்டு, எந்த இடம் மிக வெளிச்சம் என்று எப்போது முடிவு செய்தார்? படத்தின் பாதித் தலையெழுத்து அதில் இருக்கிறது, அதெல்லாம் கூடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. நாம் பார்த்தது மேஜிக் ஷோ. ரசிக்கலாம், கற்றுக்கொள்ள முடியாது.

அமெரிக்க ஓவியர் பாப் ராஸ் தொலைக்காட்சியில் 1983 முதல் 1994 வரை வரைந்து காட்டினாரே, அந்த நிகழ்ச்சியில்கூட ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள் உண்டு. ஒன்றை முன்கூட்டியே வரைந்து கேமராவில் படாத இடத்தில் பார்வைக்கு வைத்துக்கொள்வார், இரண்டாவது நாம் பார்ப்பது, மூன்றாவது பின்னால் புத்தகத்துக்காகப் பொறுமையாக வரைவது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் ஒரு படம் முடிந்தாக வேண்டும் என்றால் முடிவுகளை எல்லாம் முதலிலேயே எடுத்துவிட்டுத்தான் வர முடியும். ஆனால் சங்கத்துக் கூடத்துக்கு அந்த நெருக்கடி என்ன வந்தது? நாம் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறோம், கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாம், தேவைப்பட்டால் பேப்பர் காய்கிற வரைக்கும் காத்திருக்கலாம்.

பேப்பர் காய்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். வாட்டர்கலரில் வானம் வரைகிறார்கள் என்று வையுங்கள். 300 ஜிஎஸ்எம் கனமான பேப்பரை நன்றாக நனைத்து முதல் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறப்பூச்சு, போட்டாகிவிட்டது. இப்போது பேப்பர் பளபளவென்று மின்னுகிறது, இந்த நேரத்தில் இன்னொரு கலரை வைத்தால் அது இஷ்டத்துக்கு ஓடிவிடும். கொஞ்சம் பொறுத்தால் அந்தப் பளபளப்பு மெல்ல அடங்கி ஒரு மங்கலான ஈரம் மட்டும் மிஞ்சும். மேகத்தின் அடிப்பகுதிக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தைக் கெட்டியாகக் குழைத்து வைக்க அதுதான் சமயம், ஓரம் மென்மையாகக் கரையும், ஆனால் வைத்த இடத்தை விட்டு ஓடாது. இன்னும் தாமதித்து, பேப்பர் பாதி காய்ந்த நிலையில் தண்ணீர் அதிகமான பிரஷ்ஷால் தொட்டீர்களோ, புதுத் தண்ணீர் ஏற்கெனவே உட்கார்ந்த நிறத்துகள்களை வெளியே தள்ளிவிடும், ஓரத்தில் பூப்பூவாக ஒரு கறை. வாட்டர்கலர்காரர்கள் காலிஃபிளவர் என்று சொல்வது அதைத்தான். இந்த மூன்று நிலைக்கும் நடுவில் சில நிமிஷங்கள்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, குனிந்து பேப்பரைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்ப்பது. அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் அப்படிக் குனிந்து பார்ப்பார்கள். அதைத்தான் நமக்குக் காட்ட வேண்டும். ஆனால் டெமோவில் என்ன நடக்கிறது? 'நேரம் இல்லை, இதை மட்டும் சீக்கிரம் காய வைத்துக்கொள்கிறேன்' என்று ஹேர் டிரையரை எடுக்கிறார், அந்தச் சத்தத்தில் பக்கத்து நாற்காலியோடு பேச்சு ஆரம்பிக்கிறது. கற்க வேண்டிய கட்டம் அதோடு போயிற்று.

நான் பார்த்ததிலேயே நல்ல டெமோ ஒன்று முடியாமலே போனது. ஓவியர் ஒரு பெண்மணி, உறுப்பினர் ஒருவரையே எதிரில் உட்காரவைத்து ஆயிலில் போர்ட்ரெய்ட் வரைந்தார். ஒரு மணி நேரம் போனபின் நெற்றி, கன்னம், ஒரு கண் என்று அழகாக வந்திருந்தது. திடீரென்று பின்னால் தள்ளி நின்றார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார், பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து அதில் படத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பெயின்ட் குழைக்கும் கத்தியான பேலட் நைஃபை எடுத்து அந்தக் கண்ணை ஒரே இழுப்பில் வழித்து எடுத்துவிட்டார். பின் வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார். 'நன்றாக வரைந்திருந்தேன், ஆனால் தப்பான இடத்தில்' என்றார் அவர் சாதாரணமாக. மூக்கின் ஓரத்துக்கும் கண்ணின் உள்மூலைக்கும் இருக்கும் இடைவெளியை பிரஷ் கைப்பிடியால் முதலில் எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம், பிறகு கேன்வாஸில் அளந்து காட்டினார். கண் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அளந்து காட்டும் வரை எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. நேரம் முடியும்போது முகத்தில் பாதிதான் இருந்தது. 'முடிக்கவே இல்லையே' என்று நிர்வாகத்தில் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கோ அன்றைக்கு மட்டும்தான் வீட்டுக்குப் போனதும் பிரஷ்ஷை எடுக்கத் தோன்றியது.

ஓவியர்கள் ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துக் கற்பது ஒன்றும் புதிதல்ல. லண்டன் ராயல் அகாடமி கண்காட்சி திறப்பதற்கு முன், மாட்டிய படங்களிலேயே கடைசித் திருத்தம் செய்ய உறுப்பினர்களுக்கு அந்தக் காலத்தில் சில நாள் கொடுப்பார்கள், வார்னிஷிங் டேஸ் என்று பெயர். 1832இல் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் பத்தாண்டுக்கு மேலாகக் கையில் வைத்திருந்த வாட்டர்லூ பாலத் திறப்பு விழா ஓவியம் அங்கே தொங்கியது, சிவப்பும் பொன்னுமாக. பக்கத்தில் இன்னொரு ஆங்கில ஓவியரான டர்னரின் கடல் காட்சி, முழுக்கச் சாம்பல். டர்னர் வந்தார், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், சாம்பல் கடலின் நடுவில் சிவப்பாக ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். 'இங்கே வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்' என்றாராம் கான்ஸ்டபிள். பின்னால் திரும்பி வந்துதான் டர்னர் அந்தப் பொட்டை மிதவையாக உருமாற்றினார். அந்தப் பொட்டு என்ன பொருள் என்பது அப்புறம், கண்ணை இழுக்க அங்கே ஒரு சூடான நிறம் வேண்டும் என்பதுதான் முதலில். முடிந்த படத்தை மட்டும் பார்த்தவருக்கு அது வெறும் மிதவை. எந்த வரிசையில் நடந்தது என்று பார்த்தவருக்குத்தான் பாடம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். முதல் வேலை, வெள்ளைப் பேப்பரில் தொடங்கச் சொல்லுங்கள். தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சின்ன ஸ்கெட்ச் போட்டு, இதை எடுக்கிறேன், இதை விடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லட்டும், கால் மணி நேரம் போனால் போகிறது. கேமராவைத் தலைக்கு மேலே மாட்டிப் பேப்பரை மட்டும் திரையில் காட்டுகிறோமே, நிறம் குழைக்கும் தட்டான பேலட் யாருக்குத் தெரிகிறது? நிறம் பிறப்பது அங்கே, பிரஷ்ஷில் எவ்வளவு தண்ணீர், பெயின்ட் பால் பதமா தயிர் பதமா என்று முடிவாவதும் அங்கே. இரண்டாவது போன் ஒன்றை பேலட்டுக்கு மேலே நிறுத்த எத்தனை பேர் வேண்டும்?

ஆயில் டெமோவை ஒரே நாளில் அடைப்பதையும் நிறுத்தலாம். ஆயில் பெயின்ட் தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை, அதில் கலந்திருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகித்தான் காய்கிறது, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாட்கள் ஆகும். மேலடுக்கில் எண்ணெய் கூட இருக்க வேண்டும், கீழடுக்கில் குறைவாக, இல்லாவிட்டால் பின்னால் விரிசல் விடும் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காட்ட வேண்டாமா? ஒரு கூட்டத்தில் அடியடுக்கு, அடுத்த கூட்டத்தில் அதே கேன்வாஸ். அடுத்த கூட்டத்துக்கும் ஆள் வருவதற்கு அது ஒரு காரணமும் ஆகும்.

எல்லோரும் கூடவே வரையும் டெமோ வைத்தால் தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கை வேலை செய்கிறது, வாஸ்தவம், ஆனால் கண் தூங்கிவிடுகிறது. 'இப்போது இங்கே நீலம்' என்றதும் எல்லோரும் அங்கே நீலம். அப்புறம் ஆண்டுக் கண்காட்சியில் பாருங்கள், ஒரே படகு வரிசையாக எட்டுச் சட்டத்தில் நிற்கும், பாவம் அதில் ஒன்றுக்காவது கரை சேரும் யோகம் இல்லை. அதைவிட, ஓவியர் பாதியில் நிறுத்திவிட்டு 'அடுத்து நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்பது மேல்.

நம் உறுப்பினர்களே ஏன் டெமோ கொடுக்கக் கூடாது என்பது எனக்கு இன்னும் புரியாத ஒன்று. கேட்டால் 'நான் என்ன பெரிய ஆர்ட்டிஸ்டா' என்று நழுவுகிறார்கள். பெரிய ஆர்ட்டிஸ்ட்டுக்குத் தான் முதலில் எங்கே தடுமாறினோம் என்பதே மறந்துபோயிருக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் கருக்கும், வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும் என்று போன மாதம்தான் பட்டுத் தெரிந்துகொண்டவர் அதை எப்படிச் சமாளித்தார் என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே உறைக்கும்.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதில்லை. புது உறுப்பினர்கள் சேருவதே இந்தப் பளபளப்பான டெமோக்களைப் பார்த்துத்தான், சந்தா வந்தால்தான் கூடத்துக்கு வாடகை கட்ட முடியும் என்கிறார் பொருளாளர். அழைத்து வந்த விருந்தாளியைக் கூட்டத்துக்கு முன்னால் தடுமாற விடுவது மரியாதையா என்றும் கேட்கிறார்கள். விருந்தாளியிடம் முன்கூட்டியே 'படம் முடிய வேண்டியதில்லை, யோசிப்பதைக் காட்டினால் போதும்' என்று சொல்லிவிட்டால் அவருக்குமே பாரம் இறங்கும் என்பது என் பதில். ஆண்டுத் திட்டம் போடும் கூட்டத்தில் இதை எல்லாம் எழுதியே கொடுத்திருக்கிறேன். பேலட்டுக்குத் தனிக் கேமரா வைக்கச் செயலாளர் உடனே ஒப்புக்கொண்டார், ஸ்டாண்டு வாங்கும் செலவு மட்டும் என் தலையில். முடியாத படத்துக்குக் கைதட்ட வைக்கும் விஷயத்தில்தான் பேச்சுவார்த்தை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.