எழுதும் மேசைக்கு ஸ்பிரிட் பாலிஷ் ஆகாது
மர மேசைக்கு "ஸ்பிரிட் பாலிஷ் போட்டால் தண்ணீர்கூட ஒன்றும் செய்யாது" என்று சொல்லியிருக்கிறீர்கள், அண்ணா. அது சரியில்லை. அவலரக்கை (அரக்குப் பூச்சி தரும் பிசின்) ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரைத்ததுதான் அந்த பாலிஷ். காய்ந்த பிறகும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். கைக்குப் போடும், ஸ்பிரிட் கலந்த சானிடைசர் சிந்தினாலே பிசுபிசுத்துத் தடம் விழும். சூடான டீ டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம். அலமாரிக் கதவுக்கு அது அழகு, மறுக்கவில்லை.

மேசைப் பலகைக்குப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகை வார்னிஷ்தான் நல்லது. 220 எண் உப்புத்தாளில் (எண் கூடினால் தாள் நைசு) தேய்த்து, தூசி துடைத்து, மெல்லிசாக மூன்று கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 320 தாளில் லேசாக ஒரு தேய்ப்பு. அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்; மேல்பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை வளைய வாய்ப்புண்டு. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் ஒரு வாரம் கனமான எதையும் வைக்க வேண்டாம்.